பதினோராம் வரி

சனிக்கிழமை, காலை ஏழு மணி. மாணவர் ஒருவர். பெயர் எபனேசர்.

"டீச்சர், நடுவுல கேட்டா எனக்கு வராது" என்றார்.

"எது வராது?"

"எதுவுமே வராது. முதல் வரியில ஆரம்பிச்சா கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொல்லிருவேன். நடுவுல ஒரு வரியைக் கேட்டா வாய் கட்டிரும்."

டீச்சர் ஜொஹராவுக்கு வயது இருபத்தெட்டு. மாணவருக்கு நாற்பத்தொன்பது.

இடம், பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகம். கோடை விடுமுறை. எபனேசர் அங்கே ஆய்வக உதவியாளர், அதனால் சாவி அவரிடம் இருந்தது. ஜொஹரா இதே ஆய்வகத்தில் பிளஸ் டூ படித்தவர். அப்போது ஊசல் குண்டையும் நூலையும் எடுத்து அவர் கையில் கொடுத்தவர் எபனேசர்தான். இப்போது ஜொஹரா ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அவர் பழையபடி "அண்ணாச்சி" என்றே கூப்பிட்டார். எபனேசர்தான் முதல் நாளே "டீச்சர்" என்று மாறிவிட்டார்.

விஷயம் இதுதான்.

1996-இல் எபனேசர் எம்.எஸ்ஸி. இயற்பியல் எழுதினார். ஒன்று தவிர எல்லாப் பேப்பரும் தேறிவிட்டன. தேறாதது கிளாசிகல் மெக்கானிக்ஸ். அதற்குப் பிறகு இரண்டு தடவை எழுதினார். இரண்டு தடவையும் போயிற்று. இப்போது பல்கலைக்கழகம், பழைய அரியர்காரர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று அறிவித்திருந்தது. இதிலும் தேறாவிட்டால் பதிவு ரத்து. தேறிய பேப்பர்களும் சேர்ந்து போகும்.

தேறினால், பிளஸ் டூ வகுப்பு ஒன்றை அவருக்குத் தருவதாகப் பள்ளித் தாளாளர் சொல்லியிருந்தார்.

அடுத்தவர் எடுக்கும் வகுப்புக்கு மேஜை துடைத்து, கருவி எடுத்து வைத்து, மணி அடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப அலமாரியில் அடுக்கியே காலம் கழித்தவர் எபனேசர். ஒரு வகுப்பு. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது.

"சரி. ஹாமில்டன் சமன்பாடு டெரிவேஷன். பதினோராம் வரி என்ன?" என்று கேட்டார் ஜொஹரா.

எபனேசர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"லெட் அஸ் கன்சிடர் எ கன்சர்வேட்டிவ் சிஸ்டம்..."

ஜொஹரா காத்திருந்தார். எபனேசர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். ஏழாவது விரலில் வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. எபனேசர் கண்ணைத் திறந்தார். பிறகு மூடினார்.

"லெட் அஸ் கன்சிடர்..."

"அண்ணாச்சி, நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"சேரன்மாதேவியில நிக்கீங்க. பாபநாசம் போகணும். பஸ் வருது, கை காட்டுதீங்க, நிப்பாட்டுதான். நீங்க ஏறாம, 'முதல்ல திருநெல்வேலிக்குத் திருப்பிக்கிட்டுப் போங்க, நான் அங்கேர்ந்து ஏறுதேன்'னு சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"கண்டக்டர் ஏசுவான்."

ஜொஹரா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அன்றைய பாடம் அவ்வளவுதான்.

*

வீட்டில் மனைவி ரோஸ்லினுக்கு முதல் நாலு வரி மனப்பாடம்.

கல்யாணமான நாள் முதல் காலையில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஐந்தாவது வரிக்குள் குக்கர் விசில் அடித்துவிடும். அதனால் நாலோடு நின்றது.

"பாதிக்கு மேல உங்களுக்கு வராது. முதல் நாலு வரி எனக்கும் வரும். ரெண்டு பேருமா போய் எழுதிட்டு வந்துருவோமா?" என்றார் ரோஸ்லின்.

எபனேசர் அப்போது ஒன்பதாவது வரியில் இருந்தார்.

1996-இல் நடந்ததும் இதேதான். பத்து வரி எழுதிவிட்டார். ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட மேற்பார்வையாளர் வந்தார். அவர் போனதும் பதினோராம் வரி கூடவே போய்விட்டது. மனதுக்குள் முதலிலிருந்து ஆரம்பித்தார். பத்து வந்தது. பதினொன்று வரவில்லை. மறுபடி முதலிலிருந்து. மணி அடிக்கும்வரை பேனா பத்தாம் வரியின் முற்றுப்புள்ளியிலேயே நின்றது.

அடுத்த தடவை கெடுத்தது கூடுதல் தாளைக் கட்டக் கொடுத்த நூல். அதற்கடுத்த தடவை ஒரு தும்மல். அதுவும் பக்கத்து ஆள் போட்டது.

*

இரண்டாவது சனிக்கிழமை எபனேசர் சண்டைக்கே வந்தார்.

"இந்த ஹாமில்டன் என்னமோ ஏமாத்துதாரு டீச்சர்."

"என்ன ஏமாத்துதாரு?"

"இடம் தனியாம். உந்தம் தனியாம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கட்டுப்படாததாம். இடம் மாறுறதுதானே வேகம்? வேகத்தை நிறையால பெருக்கினா உந்தம். அப்போ உந்தம், இடம் பெத்த பிள்ளை. பிள்ளை எப்படி அப்பனுக்குச் சமமா நாற்காலி போட்டு உட்காரும்?"

"உங்க மக இப்போ உங்க பேச்சைக் கேக்குதாளா?"

எபனேசர் யோசித்தார்.

"இல்ல."

"ஊசலைக் கட்டுங்க" என்றார் ஜொஹரா.

அது மட்டும் எபனேசருக்கு யோசிக்க வேண்டாத வேலை. ஸ்டாண்டு, தக்கை, நூல், பித்தளைக் குண்டு. ஒரு நிமிடத்தில் தொங்கியது.

"கண்ணை மூடுங்க. சொல்லும்போது திறக்கணும்."

மூடினார். செருப்புச் சத்தம் கேட்டது. நூல் தக்கையில் உரசும் சத்தம் கேட்டது. யாரோ மூச்சை அடக்கிச் சிரிப்பது போலவும் இருந்தது. பிறகு போனில் படம் பிடிக்கும் சத்தம்.

"திறங்க. ஊசலைப் பாக்காதீங்க. இதைப் பாருங்க."

முகத்துக்கு நேரே போன் இருந்தது. படத்தில் குண்டு.

"எங்கே இருக்கு?"

"நடுவுலேர்ந்து ரெண்டு விரல்கடை வலப்பக்கம்."

"அடுத்து எங்கே போகும்?"

"இதை வச்சு எப்படிச் சொல்ல? வலமாவும் போகலாம், இடமாவும் போகலாம். வேகமா போகலாம், மெதுவாவும் போகலாம். அந்த நேரம் பாத்து யாராவது பிடிச்சிருந்த கையை விட்டிருக்கலாம்."

"இடம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"அந்த ஒரு இடத்துல எத்தனை வேகம் இருக்கலாம்?"

"எத்தனை வேணும்னாலும் இருக்க..."

எபனேசர் பாதியில் நிறுத்தினார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர் போலத் தலையைச் சாய்த்தார்.

"இப்போ ஊசலைப் பாருங்க. எதுவரைக்கும் போகும்?"

ஆடிக்கொண்டிருந்தது. எபனேசர் ஒரே ஒரு முறை அது நடுவைக் கடப்பதைப் பார்த்தார். இடது பக்கம் வெறும் காற்றில் ஆள்காட்டி விரலை நீட்டிவைத்தார். குண்டு வந்தது. அவர் நகத்தைத் தொட்டும் தொடாமலும் நின்று, திரும்பிப் போனது.

"தள்ளினது யாரு?" என்று கேட்டார் ஜொஹரா.

"நீங்கதான்."

"நான் இல்ல."

கதவோரம் வாட்ச்மேன் சுடலை வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நான்தான் அண்ணாச்சி. டீச்சர் சொன்னாவ, தட்டி விட்டேன்."

"ஆள் தப்பு. விரல் சரி" என்றார் ஜொஹரா.

எபனேசருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து நோட்டை எடுத்தார். கடகடவென்று எழுதினார். மூடி வைத்தார்.

ஜொஹராவுக்கும் மனசு நிறைந்தது.

மறு சனிக்கிழமை கேட்டார்: "போன வாரம் ஊசலை வச்சு என்ன பாத்தோம் அண்ணாச்சி?"

எபனேசர் கண்ணை மூடினார்.

"லெட் அஸ் கன்சிடர்..."

"என்ன செய்யுதீங்க?"

"அது இருபத்தேழாவது வரி டீச்சர். இருபத்தாறையும் சொன்னாத்தான் வரும்."

ஜொஹரா பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார். அழுகிறாரோ என்று எபனேசர் பயந்து குனிந்து பார்த்தார். அழவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்திருந்தது.

*

கடைசி சனிக்கிழமை எபனேசர் பை இல்லாமல் வந்தார்.

"விட்டுருவோம் டீச்சர். நான் எழுதலை."

ஆய்வகச் சாவியை மேஜையில் வைத்தார்.

"நேத்து வீட்டுல உட்கார்ந்து எழுதிப் பாத்தேன். பத்து வரி வந்தது. கொரியர்காரன் வந்து பெல் அடிச்சான். போச்சு. இந்த வயசுக்கு மேல எதுக்கு டீச்சர்? வகுப்பு கொடுத்தாத்தான் என்ன, கொடுக்காட்டாத்தான் என்ன. ஊசல் கட்டுற வேலை இருக்கு, அது போதும்."

ஜொஹரா கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார்.

புது இடம் சமம் பழைய உந்தம்.

புது உந்தம் சமம் பழைய இடம். முன்னால் ஒரு கழித்தல் குறி.

"ரெண்டு பேரும் இடம் மாத்திக்கிட்டாங்க. ஹாமில்டன் சமன்பாடு என்னாகும்? போட்டுப் பாத்துட்டுப் போங்க."

எபனேசர் வாசல் பக்கம் பார்த்தார். சாக்பீஸைப் பார்த்தார். பாதி மனதோடு போட ஆரம்பித்தார். இடம் மாறும் வீதத்தை எழுதினார். உந்தம் மாறும் வீதத்தை எழுதினார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். ஒரு கழித்தல் குறி எங்கே போய் ஒட்டும் என்று கொஞ்சம் திகைத்தார், அழித்தார், திருத்தினார்.

பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

"டீச்சர், அதேதான் வருது."

"எது?"

"அதே சமன்பாடு. அச்சு அசல். உந்தத்தைக் கொண்டுபோய் இடம்னு உட்கார வச்சாலும் அதுக்கு ஒண்ணும் தெரியலை."

"யாரு எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு அதுக்குக் கவலை இல்ல" என்றார் ஜொஹரா. துடைப்பானை எடுத்து எபனேசர் கையில் கொடுத்தார். நேரே கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். "ஆரம்பிங்க சார்."

"நானா?"

"ஆமா சார்."

"இந்தக் கழித்தல் குறி யாருக்கு?"

"பெஞ்சுக்கு. நான் வச்சுக்கிடுதேன். ஆரம்பிங்க."

எபனேசர் தொண்டையைச் செருமினார். பலகையைத் துடைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். காலியான பெஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"லெட் அஸ் கன்சிடர் எ கன்சர்வேட்டிவ் சிஸ்டம்."

எழுத்து முத்து முத்தாக விழுந்தது. ஐந்து வரி. எட்டு வரி. பத்து. பதினோராவதை எழுதி முடிக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

"எக்ஸ்கியூஸ் மீ சார்."

ஜொஹரா வாசலில் நின்றார். எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை.

"வாங்க" என்றார் எபனேசர். பலகை முழுவதையும் அழித்தார். "லெட் அஸ் கன்சிடர்..."

மறுபடி பதினோராவது வரி.

"எக்ஸ்கியூஸ் மீ சார்."

"மறுபடியுமா?"

"தண்ணி குடிக்கப் போனேன் சார்."

அழித்தார். முதலிலிருந்து எழுதினார். இந்தத் தடவை எழுத்து முத்தாக இல்லை. சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது. கையெல்லாம் வெள்ளை. கோடையில் மின்விசிறி வேறு சூடான காற்றையே வீசியது. பத்து எழுதினார். பதினொன்று எழுதினார். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. திரும்பினார்.

கடைசி பெஞ்சு காலி.

"எக்ஸ்கியூஸ் மீ சார்."

எபனேசருக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"ஏளா! உனக்கு வேற சோலியே இல்லையா? நீ நினைச்சா போவே, நினைச்சா வருவே. ஒவ்வொரு தடவையும் உனக்காக நான் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?"

ஜொஹரா கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, தலை குனிந்தார்.

"வேண்டாம் சார்."

எபனேசரின் கை துடைப்பானோடு பலகைக்குப் பாதி வழி போயிருந்தது. அங்கேயே நின்றது.

பலகையைப் பார்த்தார். பதினோராம் வரி அங்கே இருந்தது. அதில் இடம் இருந்தது. உந்தம் இருந்தது. இரண்டும் மாறும் வீதங்கள் இருந்தன. நடுவில் ஒரு கழித்தல் குறி. வேறு ஒன்றும் அதில் இல்லை. வேறு ஒன்றும் வேண்டியும் இருக்கவில்லை.

துடைப்பானை மேஜையில் வைத்தார்.

"உட்காரு" என்றார்.

ஜொஹரா முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இங்க பாரு. இது இடத்தோட மாற்றம். இது உந்தத்தோட மாற்றம். ஆற்றல் எப்படி மாறுதுன்னு இந்த ரெண்டையும் வச்சுத்தான் சொல்லியிருக்கு. அதே ஆற்றலை நேரா வகையிட்டா என்ன வரும்? இது வரும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை. இதுக்கு நேரே எது இருக்கு?"

"அது சார்."

"அப்போ அதுவும் இதுவும் சமம். கழித்தல் குறி யாரு பக்கம்?"

"உந்தத்துப் பக்கம்."

"அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு."

முடிந்துதான் போயிருந்தது. கீழே ஹாமில்டனின் இரண்டு சமன்பாடுகளும் நின்றன. பதினைந்து வரி நீள வேண்டியது ஐந்து வரியில் வந்து சேர்ந்திருந்தது. எபனேசர் அதைக் கவனிக்கவில்லை.

ஜொஹரா எழுந்து வந்தார். துடைப்பானை எடுத்தார். பலகையின் மேல்பாதியை, முதல் பத்து வரியை, ஒரே இழுப்பில் அழித்தார்.

"சார், இதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு நான் பாக்கவே இல்லையே."

எபனேசர் கண்ணை மூடவில்லை. பதினோராம் வரியைப் பார்த்துக்கொண்டே சாக்பீஸை மேலே கொண்டுபோனார். இந்த மாற்றம் எதிலிருந்து வந்திருக்கும்? இதிலிருந்து. இது எதிலிருந்து? ஒவ்வொன்றாக மேலே ஏறினார். மாணவி கூடவே தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். கடைசியாகப் பலகையின் உச்சியில், எம்பினால்தான் கை எட்டும் இடத்தில், ஒரு வரிக்கு மட்டும் இடம் மிஞ்சியது.

"அப்போ, இது எல்லாத்துக்கும் முதல்ல நாம என்ன நினைச்சிருக்கணும்?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன சார்?"

எபனேசர் வாயைத் திறந்தார். "லெட் அஸ் கன்சிடர்..." வந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜொஹராவும் சிரித்தார். என்னவோ ஏதோ என்று சுடலை ஓடிவந்து பார்த்தார். இரண்டு பேர், உடம்பெல்லாம் சாக்பீஸ் தூள், விடுமுறை நாளில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். காரணம் தெரியாமலே அவரும் சிரித்தார்.

எபனேசருக்குத்தான் முதலில் சுதாரிப்பு வந்தது.

"டீச்சர்... கோவத்துல உங்களைப் போய் மரியாதையில்லாம ஏளான்னு சொல்லிட்டேன்."

"சார் சொல்லலாம்" என்றார் ஜொஹரா.

*

திங்கட்கிழமை தேர்வு. பகல் ஒரு மணிக்கு எபனேசர் வெளியே வந்து போன் செய்தார்.

"எப்படி அண்ணாச்சி?"

"ஹாமில்டன் சமன்பாட்டை டெரைவ் பண்ணுன்னு வந்திருந்தது டீச்சர். பேனாவை எடுத்தேன். முதல் வரி மறந்து போச்சு."

"முதல் வரியா?"

"முதல் வரிதான். இருபத்தேழு வருஷமா வாயில கிடந்தது. சுத்தமா காணோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தெரிஞ்ச இடத்துல ஆரம்பிச்சு எழுதிட்டேன். பசிக்குது டீச்சர், சாப்பிட்டுட்டுக் கூப்பிடுதேன்."

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, முடிவு வெளியானது. எபனேசர் நூற்றுக்கு அறுபத்து மூன்று. திங்கட்கிழமை மூன்றாம் பிரிவேளை, பிளஸ் டூ சி பிரிவு இயற்பியல் வகுப்பை அவர் எடுத்தார்.